மாமா தோற்ற ஸ்தோத்திரம்

உங்கள் மாமா நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றால் உங்கள் மூன்று பேர் முகமும் சுருங்கிப்போகிறது. அப்பா கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மாமாவின்மேல் உங்களுக்கு ஆசைதான். அவருடைய ஜெபத்தின்மேல்தான் கோபம். சோறு ஆவி பறக்கும்போது எழுந்து நிற்பார். சோற்றுக்காகச் சொல்லி, சோறு வடித்த பானைக்காகச் சொல்லி, பானை வனைந்த குயவருக்காகச் சொல்லி, குயவர் மண்ணெடுத்த ஏரிக்குப் போய், ஏரியிலிருந்து மழைக்கு ஏறிவிடுவார். அங்கிருந்து அவர் இறங்கி வருவதற்குள் குழம்பின்மேல் ஏடு கட்டிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் என் காதில், "மாமா இன்னும் மேகத்துலதான் கீறாராப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்து, ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் இருமவேண்டியதாயிற்று.

நடுவில் உள்ளவன் அன்றைக்கே நேராகக் கேட்டான்: "ஏம்ப்பா, வேண்டியத்தை மொதல்ல கேட்டுட்டா இன்னா? ஆண்டவருக்கு எதுக்கு இவ்ளோ புகழ்ச்சி?"

நல்ல கேள்வி. ஆனால் இந்த ஊரில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நீ இல்லை, மகனே. உங்கள் மாமாதான். அதையும் கோயில் உபதேசியார் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தக் கதையை எழுதி வைத்துவிட்டால் குழம்பு ஆறும்போது உங்களுக்கு வாசிக்க உதவும் என்று எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் தப்பிருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்னும் குழாயில் வராத காலம் அது. நானும் உங்கள் அம்மாவும் கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், கம்பெனி கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். எனக்குச் சுரங்கத்துக்குள் சம்மட்டி வேலை. மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், குடியாத்தம் பக்கத்திலிருந்து உங்கள் அம்மாவின் தம்பி ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தார். உங்கள் மாமி ஊரில் மாசமாக இருந்தாள். இங்கே ஒரு வேலை நிலைத்தால் அவளை அழைத்துவந்துவிடலாம் என்று வந்தவர். நான் மேஸ்திரியிடம் சொல்லி மேல்வேலை வாங்கிக் கொடுத்தேன். சாப்டு என்கிற சுரங்கக் குழியிலிருந்து கூண்டு கொண்டுவந்து கொட்டுகிற கல்லைத் தண்டவாளத்து வண்டியில் ஏற்றி, கல் இடிக்கிற மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். உங்கள் மாமாவுக்குத் தோள் அதற்கென்றே செய்தது.

தோள் இருந்த அளவுக்கு ஜெபம் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் லைனில் ஒவ்வொரு வீடாய் ஜெபக்கூட்டம் நடக்கும். நம் வீட்டு முறை வந்தபோது உபதேசியார் மாமாவை ஜெபிக்கச் சொன்னார். மாமா எழுந்தார்.

"ஆண்டவரே, எங்க ஊர்ல மழை இல்ல. எனுக்குச் செருப்பு இல்ல. ரெண்டும் குடுங்க. ஆமென்."

நாங்கள் கண்ணை மூடி முழங்காலைச் சரிபண்ணுவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. உபதேசியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவர் புத்தகத்தில் இருக்கிற தமிழையே பேசுகிறவர். கத்திரிக்காய் வாங்கினாலும் வேத வசனம் மாதிரிதான் இருக்கும்.

"தம்பி, அதற்குள் முடிந்துவிட்டதா?"

"கேட்டுட்டனே உபதேசியாரே."

"கேட்பது கடைசியில் அல்லவா! முதலில் ஸ்தோத்திரம். பிறகு நன்றி. பிறகு பாவ அறிக்கை. அதற்குப் பிறகே விண்ணப்பம்."

மாமா தலையைச் சொறிந்தார். "ரொம்ப நாளா உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு கீறேன். கூட்டத்துல எல்லாரும் 'தோத்தோம் தோத்தோம்'னு சொல்றாங்களே, யாராண்ட தோத்தாங்க? சாமியாண்ட வந்தா ஜெயிக்க வேணாவா?"

உங்கள் அம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். உபதேசியாருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது தோத்தோம் அல்ல, ஐயா. ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! புகழ்வது என்று பொருள்."

"புகழ்றதா? மேஸ்திரியாண்ட லீவு கேக்கப் போறவன், 'மேஸ்திரி, ஒம் மீசை ராஜா மீசை'ன்னு ஆரம்பிப்பானே, அதுங்களா?"

எங்கள் மேஸ்திரிக்கு மீசையே சரியாக முளைக்காது. அப்படி இருந்தும் அவரிடம் அதைச் சொல்லி லீவு வாங்கினவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அவர்கள் பாயைப் பார்த்தார்கள்.

"ஆண்டவர் மேஸ்திரி அல்ல. அவருக்கு நம்முடைய புகழ்ச்சி தேவையே இல்லை."

"தேவையில்லாத்த ஏன் குடுக்கணும்?"

உபதேசியார் யோசித்தார். பிறகு, "நாம் ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார்.

நன்றியாவது சொல்லிப் பழகு, வீட்டிலிருந்தே தொடங்கு என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். மாமா சொன்னதைச் செய்கிறவர். மறுநாள் களி உருண்டையைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உங்கள் அம்மாவின் எதிரில் நேராக நின்று, "அக்கா, நன்றி" என்றார்.

உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாடா சொன்னே?"

"நன்றின்னேன்."

"யாருக்குடா நன்றி? நா இன்னா சோத்துக்கடையா வச்சிகினு கீறேன்? கூடப் பொறந்தவளுக்கு நன்றி சொல்றியே, எந்த வூட்டுக்குப் போவப் போறே? யாரு உன்னை இன்னா சொன்னாங்க?" என்று ஆரம்பித்தவள் அழுதே விட்டாள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் என்மேல்தான் சந்தேகம். நான்தான் ஏதோ சொல்லி அவரை விரட்டுகிறேனாம்.

மாமா இதைக் கொண்டுபோய் உபதேசியாரிடம் வெற்றியோடு வைத்தார். "பாத்தீங்களா? நன்றின்றது அன்னியத்தாருக்குச் சொல்றது. அக்காவுக்கே இவ்ளோ கோவம் வருதே, பெத்த அப்பனாண்ட போய்ச் சொன்னா செருப்பால அடிப்பான். ஆண்டவரு அப்பன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியென்றே பட்டது. நம் வீடுகளில் சோறு போட்டவளிடம் யார் நன்றி சொன்னார்கள்? இன்னொரு கை போடு என்றுதான் சொன்னோம்.

இப்படி இருக்கும்போது அறுப்பின் பண்டிகை வந்தது.

அறுப்பின் பண்டிகை அறுக்கிற ஊருக்குப் பொருந்தும். ஊரிகத்தில் எதை அறுக்கிறது? பாறையும் தூசும்தான். ஆனால் உபதேசியார் விடவில்லை. "உங்கள் உழைப்பின் முதற்பலனை ஆண்டவர் சந்நிதிக்குக் கொண்டுவாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். கேப்டன் துரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்று அறிவித்துவிட்டார். கேப்டன் துரை என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்கத்துக்குள் எங்கள் எல்லாருக்கும் மேலதிகாரி. இங்கிலாந்தில் கடலோரம் எங்கேயோ வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை பார்த்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: சீக்கிரம், ஜாக்கிரதை, ஸ்தோத்திரம். முதல் இரண்டும் சுரங்கத்துக்கு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு.

லைனில் எல்லாரும் பேத்தமங்களாவிலிருந்து கூடையோடு வருகிற காய்க்காரம்மாளிடம் போய்ப் பூசணி, வாழைக்காய், கீரை என்று வாங்கினார்கள். நாங்களும் ஒரு பூசணிக்காய் வாங்கினோம். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பேத்தமங்களாக்காரன் வெளைய வச்ச பூசணிய நீங்க தூக்கிகினு போய் வச்சா, அது அவன் மொதப்பலனா, உங்க மொதப்பலனா?"

"வாய மூடிகினு தூக்கிகினு வாடா" என்றாள் உங்கள் அம்மா.

ஆராதனை தகரக் கொட்டகையில். முன்னால் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. மேஜைமேல் இடம் போதாமல் கீழேயும் காணிக்கைக் கூடைகள் வைத்திருந்தார்கள். மேஜையின் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி, அதில் கேப்டன் துரை, மடியில் தொப்பி. ஒரு பக்கம் பாய்களில் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெரியவளே, நீ அப்போது கைக்குழந்தை. உன் அம்மா உன்னை ஒரு மூங்கில் கூடையில் துணி விரித்துப் படுக்கவைத்து, மேஜைக்குக் கிட்டவே உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், நம்ம மொதப்பலனைப் பாத்தீங்களா?"

"பூசணிதானே. பாத்தேன்."

"பூசணி இல்ல மச்சான். தொரை காலாண்ட ஒரு கீரைக் கூடை கீது பாருங்க. கீரைக்குக் கீழ."

"கீரைக்குக் கீழ இன்னா?"

"கல்லு."

என் பாட்டு அந்த அடியிலேயே நின்றுவிட்டது. "எந்தக் கல்லு?"

"நா மொத மொதல்ல தள்னேனே, அந்த வண்டிக் கல்லு. மினுக்கு மினுக்குனு கீது. நல்லதாப் பாத்து எடுத்தேன். ஆண்டவருக்கு மட்டமானதக் குடுக்கலாமா?" என்று பெருமையாகச் சிரித்தார்.

பிள்ளைகளே, இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாமா அப்போது புதுசு. சுரங்கத்துக்குள் இறங்கி ஏறுகிற எங்களை வாசலில் வாச்மேன் தலைமுதல் கால்வரை தடவித்தான் வெளியே விடுவான். மேல்வேலைக்காரர்களை அந்தக் காலத்தில் அவ்வளவு பார்க்கமாட்டார்கள். அதனால் மாமா கல்லைத் துண்டில் முடிந்து, மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர் மாதிரி நடந்து வந்துவிட்டார். ஆனால் சுரங்கத்துக் கல் ஒன்று வெளியே ஒருவன் கையில் அகப்பட்டால் முதலில் வேலை போகும், அப்புறம் லைன் வீடு போகும், அப்புறம் அவனே கோலார் ஜெயிலுக்குப் போவான். இதை அவர் காதில் சொன்னேன்.

"ஆண்டவருக்குத்தானே மச்சான் குடுத்தேன்? வித்தா தின்னேன்?"

"ஆண்டவர் கேட்டா அப்படிச் சொல்லு. வாச்மேன் கேட்டா இன்னா சொல்லுவே?"

மாமா கேப்டன் துரையைப் பார்த்தார். துரையின் பூட்ஸுக்கும் கீரைக் கூடைக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். பாட்டு முடிந்தால் ஒரு ஜெபம். ஜெபம் முடிந்தால் ஏலம். ஏலத்தில் உபதேசியார் ஒவ்வொரு கூடையாய் உயரத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். கூடையைத் தூக்கினால் கனம் தெரியும். கனம் தெரிந்தால் கீரையைக் கிளறுவார்.

"எம் பொஞ்சாதி, மச்சான்," என்றார் மாமா. "அடுத்த வாரம் அழச்சாரலாம்னு கீறேனே."

பாட்டு முடிந்தது. "நன்றி ஜெபம் ஏறெடுக்க யாராவது எழுந்திருங்கள்" என்றார் உபதேசியார். வழக்கமாக ஜெபிக்கிற பெரியவர் ஒருவர் தரையில் கையை ஊன்றி எழப்போனார். அதற்குள் என் பக்கத்திலிருந்து மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"நா பண்றேன்."

உபதேசியார் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவிற்று. மாமா குனிந்து வேட்டியைச் சரிபண்ணுகிற சாக்கில் என்னிடம், "எல்லாரும் கண்ண மூடுவாங்க. நீங்க போய் எடுத்துடுங்க. நா முடிக்காம இழுத்துகினே கீறேன்" என்றார்.

இழுக்கிறேன் என்றது யார் தெரியுமா? இரண்டு வாயில் ஜெபம் முடிக்கிறவர்.

எல்லார் தலையும் குனிந்தது. நான் கையையும் முழங்காலையும் ஊன்றி நகர ஆரம்பித்தேன். மாமாவின் குரல் தகரத்தில் மோதிற்று.

"ஆண்டவரே! எங்க ஊர்ல மழை இல்ல. மழை குடுங்க. எனுக்குச் செருப்பு இல்ல. செருப்பு குடுங்க. எம் பொஞ்சாதிக்குச் சுகப்பிரசவம் குடுங்க. மேஸ்திரிக்கு..." என்று நின்றார். மேஸ்திரிக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "மேஸ்திரிக்கு மீசை குடுங்க."

எங்கோ ஒருவர் மூக்கால் சிரித்தார். மாமாவுக்கு வேண்டுதல் தீர்ந்துபோய்விட்டது! ஒரு மனுஷனுக்கு எத்தனையோ வேண்டும் என்று நினைக்கிறோம். எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நாலு வாயில் முடிந்துவிடுகிறது. நான் அப்போது முதல் பாயைக்கூடத் தாண்டவில்லை. நாலு காலில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

"ஆண்டவரே, எங்க மச்சான் ஒரு இக்கட்டான வழியில போய்கினு கீறாரு. அவர நேரா நடத்துங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நேரா வேணாம். சோத்தாங்கைப் பக்கமா நடத்துங்க. அங்க ஒரு பெரியவரு காலு நீட்டிகினு கீறாரு. இடறிவுடாம காப்பாத்துங்க" என்றார்.

அந்தப் பெரியவர் உருக்கமாக, "ஆமென்" என்று சொல்லிக் காலை மடக்கிக்கொண்டார்.

வழி கிடைத்தது. ஆனால் மச்சானுக்காகவே எவ்வளவு நேரம் ஜெபிக்க முடியும்? மாமா சுற்றிப் பார்த்தார். கண் திறந்திருந்ததால் எதிரில் இருந்ததெல்லாம் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தக் கொட்டாயக் குடுத்தீங்க. மழையில ஒழுவுது. ஆனாலும் குடுத்தீங்க. பாய் குடுத்தீங்க. இந்த உபதேசியாரக் குடுத்தீங்க. நா கேக்கற கேள்விக்கு அவரு பாட்டுப் பாடறாரு. ஆனா கோச்சிக்கறதில்ல. அந்த மனசக் குடுத்தீங்க. அந்தப் பூசணியக் குடுத்தீங்க. பேத்தமங்களாக்காரனுக்கு ஏரியக் குடுத்தீங்க. அவன் எனுக்கு ஒண்ணுவிட்ட ஒறவுகூட இல்ல. அவன் ஏரித் தண்ணியில வெளஞ்சத்தை எங்க அக்கா கொழம்பு வக்கிறா, நா துன்றேன்..."

நான் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். கீரைக்குள் கையை விட்டேன். கல் நம் அம்மியின் குழவிக்குப் பாதி இருக்கும். இழுத்த வேகத்தில் ஒரு கட்டுக் கீரை அவிழ்ந்து துரையின் பூட்ஸ்மேல் சரிந்தது. துரை கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தண்டாய்ப் பூட்ஸிலிருந்து எடுத்தேன். பூச்சி ஊர்வதாக நினைத்தாரோ என்னவோ, காலை ஒரு உதறு உதறினார். என் உயிர் அந்த உதறலோடு போய் வந்தது.

கல்லோடு திரும்பி அவ்வளவு தூரம் நகர முடியாது. பக்கத்தில் உங்கள் அம்மா. அவள் ஒரு கண்ணால் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உன் கூடைத் துணியின் ஓரத்தைத் தூக்கினாள். நான் உள்ளே தள்ளினேன். துணியை மூடினாள். பெரியவளே, உலகத்திலேயே தங்கச் சுரங்கத்துக் கல்லின்மேல் தூங்கின ஒரே குழந்தை நீதான். நீ கொட்டாவி விட்டாய்.

வேலை முடிந்தது. ஆமென் சொல்லு என்று மாமாவுக்குக் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, தெனம் சாயங்காலம் சாப்டாண்ட கூண்டு மேல வருது. நா வண்டிய நிறுத்திட்டு அதுல எங்க மச்சான் தல தெரியுதான்னு பாப்பேன். தெரியும். நா வண்டியத் தள்ளிகினு போய்டுவேன். இங்க எங்க அக்கா அடுப்புமேல கண்ணும் தெருமேல காதுமா ஒக்காந்துகினு கீறா. அவரு செருப்புச் சத்தம் கேட்டதும் ஒண்ணும் நடக்காத மாரி, 'ஏன் இவ்ளோ நேரம்'னு சண்ட போடுவா. நா இதுவரிக்கும் அந்தத் தலயக் குடுங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கணும்னே தோணல. தெனம் நீங்களே குடுக்கறீங்க. இன்னும் எவ்ளோ கேக்காம குடுத்தீங்கன்னு இப்பதான் பாக்கறேன். எண்ண முடியல." இரண்டு கையையும் விரித்துவிட்டார். "தோத்தேன், ஆண்டவரே. உங்களாண்ட நா தோத்தேன். தோத்தேன், தோத்தேன்..."

உங்கள் அம்மா முந்தானையை எடுத்தாள். இந்தத் தடவை வாயில் அடைக்க இல்லை. கூட்டமெல்லாம், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கூடச் சொல்ல ஆரம்பித்தது. கேப்டன் துரையும் அவருக்குத் தெரிந்த மூன்றாவது சொல்லை உரக்கச் சொன்னார். நான் நகர்ந்து வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தபின்தான் மாமா ஆமென் சொன்னார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது துரை எழுந்து மேஜையை ஒரு பார்வை பார்த்து, உபதேசியாரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். உபதேசியார் எங்கள் பக்கம் திரும்பினார்.

"துரை அவர்கள் கேட்கிறார்கள்: கல் எங்கே?"

உங்கள் அம்மா உன் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உபதேசியார் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா விடவில்லை. நேராக நடந்துபோய்க் குனிந்து, உன்னை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறுகையால் கூடையிலிருந்த கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாந்தான் எடுத்தேன். எங்க மச்சானுக்கும் அக்காவுக்கும் சம்மந்தமில்ல. இந்தக் கொழந்தைக்கும் சம்மந்தமில்ல. இத்தினி குடுத்தவருக்கு எதிருல நின்னுகினு இதுக்குப் பொய் சொல்ல எனுக்கு வாய் வரல."

உபதேசியார் முகம் மேஜைத் துணியைவிட வெளுத்துவிட்டது. "நான் சொல்லி முடிக்கவில்லையே, ஐயா! துரை ஊரில் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கனிகளோடு சுரங்கத்துக் கல் ஒன்றையும் வைப்பது வழக்கமாம். இங்கே ஏன் கல் வைக்கவில்லை, அதுவும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்று கேட்டார்!"

மாமாவின் வாய் திறந்தது. என் வாயும் திறந்தது. நீ மாமாவின் காதைப் பிடித்துக்கொண்டாய்.

துரை கல்லைக் கையில் எடுத்தார். நாக்கில் விரலைத் தொட்டு மினுக்கின இடத்தில் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து உபதேசியாரிடம் சொன்னார்.

"இதில் தங்கம் இல்லையாம். மினுக்குகிற வேறு ஏதோ ஒரு பொருளாம்."

ஜெயிலுக்குப் பயப்படாத மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "இன்னா சொல்றாரு? எவ்ளோ பொறுக்கி எடுத்தேன்! நல்லாப் பாக்கச் சொல்லுங்க!"

"டேய்! இல்லன்னா இல்லன்னு வுடுடா!" என்று உங்கள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது துரைக்கே புரிந்திருக்கும்.

துரையின் சிரிப்பு நின்றது. தங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரங்கத்துக் கல்லை வெளியே கொண்டுவந்தது குற்றம் என்று உபதேசியார் மூலம் கண்டிப்பாகச் சொன்னார். இனி ஒரு கூழாங்கல் அளவு எடுத்தாலும் தானே கோலாருக்கு அனுப்புவாராம். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு துரை குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னார். உபதேசியார் அதை எங்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார். "இந்த மனிதன் ஸ்தோத்திரம் சொன்ன மாதிரி எந்தக் கோயிலிலும் தாம் கேட்டதில்லை என்கிறார். இப்படிச் சொல்கிறவனை ஜெயிலில் போட்டுவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை தாம் எப்படி வாய் திறப்பது என்று கேட்கிறார்."

அவர் சொன்னது ஸ்தோத்திரம் இல்லை, தோத்தேன் என்பது துரைக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

ஏலம் முடிகிறவரை கல் மேஜைமேல் பூசணிக்குப் பக்கத்தில் மரியாதையாக இருந்தது. முடிந்ததும் துரை அதை எடுத்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போனார். காணிக்கை ஆண்டவருக்கு, கல் கம்பெனிக்கு. அடுத்த வருஷத்திலிருந்து அறுப்பின் பண்டிகைக்கு அவரே ஒரு கல் அனுப்பிவைத்தார். கூடவே இரண்டு வாச்மேன்களும் வருவார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், கையில் தடி. உபதேசியார் ஜெபம் பண்ணும்போது அவர்கள் மட்டும் கண்ணை மூடமாட்டார்கள்.

மாமா சொன்ன அந்த வாரத்திலேயே உங்கள் மாமி வந்து சேர்ந்தாள். சுகப்பிரசவம் ஆயிற்று. செருப்பும் வாங்கிக்கொண்டார். மேஸ்திரிக்கு மட்டும் மீசை கடைசிவரை சரியாக வரவில்லை.

அன்று கூட்டம் கலைந்தபின் உபதேசியார் மாமாவிடம், "தம்பி, அவ்வளவு பெரிய நன்றி ஜெபத்தில் நன்றி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லையே" என்றார்.

"அத்தச் சொன்னா அப்பனுக்குக் கோவம் வருமே," என்றார் மாமா. "அதான், குடுத்தத்தை மட்டும் ஒவ்வொண்ணா சொன்னேன். அதுக்கு எந்த அப்பன் கோச்சிக்குவான்?"

உபதேசியார் இந்தத் தடவை பாட்டுப் பாடவில்லை. "தோத்தேன் என்றீரே, அது?" என்று கேட்டார்.

"எண்ணிப் பாத்தேன். முடியல. தோத்தேன். நீங்கள்லாம் அதத்தானே சொல்றீங்க?"

மகனே, நீ கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கணக்கு நின்று, கொடுத்தவர் மட்டும் மிச்சமிருக்கிறார். அப்போது வாயில் வருகிறதுதான் ஸ்தோத்திரம் என்று நினைக்கிறேன். லீவுக்காக மீசையைப் புகழ்கிறவனுக்கு அந்த இடம் வருவதில்லை. தப்பென்றால் படித்தவர்கள் திருத்தட்டும்.

இன்னொன்று. அன்று பழகின பழக்கம், இன்றுவரை மாமா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார். நீங்கள் மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொள்வதால் இது உங்களுக்குத் தெரியவில்லை. மூன்று பேருமா என்பதில் எனக்குச் சந்தேகம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மேகத்திலிருந்து இறங்கி வரும் வழியில், "ஆண்டவரே, இந்தக் கருவாட்டக் குடுத்தீங்க, இது ஆர்றதுக்குள்ள எடுத்துட அதோ ஒரு சின்னக் கையயும் குடுத்தீங்க" என்றாரே, அந்தக் கை யாருடையது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.